பசை போட்டு மூடியவர்கள்

ஏழு ஆண்டு ஆகிவிட்டதாம், அதனால் கைகழுவிவிட்டார்களாம். ஐபாட் பாட்டுப்பெட்டியைச் செய்து விற்றவர்கள் எடுத்த முடிவு இது. விற்பனையை நிறுத்தி ஐந்து ஆண்டு கடந்தால் அது பழம்பொருள். ஏழு ஆண்டு கடந்தால் வழக்கொழிந்த பொருள். இரண்டாவது பட்டியலில் விழுந்துவிட்டால் பழுது பார்க்க மாட்டார்கள். அவர்களுடைய அங்கீகாரச் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் கடைக்காரர் கேட்டாலும் உதிரிப்பாகம் வராது. ஐபாட் கிளாசிக்கை 2014 செப்டம்பரில் நிறுத்தினார்கள், நேனோவையும் ஷஃபிளையும் 2017 ஜூலையில். மிஞ்சியிருந்த டச்சுக்கு 2022 மே 10ஆம் தேதி மங்களம் பாடினார்கள். முதல் மூன்றுக்கும் கெடு முடிந்துவிட்டது, நான்காவதும் வரிசையில் நிற்கிறது. செய்தவர்களின் பெயரை இங்கே எழுதித் தாளை வீணாக்கத் தேவையில்லை. கருவியைத் திருப்பினால் முதுகில் கடித்த பழம் தெரியும்.

மறுபடியும் ஐபாட் செய்து விற்கும்படி யாரும் கேட்கவில்லை. வியாபாரம் ஓடவில்லை என்றால் கடையை மூடுவது முதலாளியின் உரிமை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு விற்ற பொருளுக்குப் பாகமும் தர மாட்டேன், வழியும் சொல்ல மாட்டேன், நீயாகத் திறக்கவும் விடமாட்டேன் என்பது எந்த ஊர் நியாயம்?

கைத்தொலைபேசியிலேயே பாட்டு வருகிறதே, இன்னும் எதற்கு இந்தப் பழைய பெட்டி என்று கோலாலம்பூரில் உட்கார்ந்து கேட்பது சுலபம். கேட்பவர் ஒரு நாள் பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டிச் செம்பனைக்குள் மோட்டாரை விட்டுப் பார்க்கட்டும். பிரதான சாலையில் நான்கு கோடு காட்டிய அலைவரிசை, மரங்களுக்குள் போகப் போக ஒன்றாகி, பிறகு அதுவும் இல்லாமல் போகும். இணையத்தில் இருக்கும் பாட்டு அங்கே வராது, பெட்டிக்குள் இருக்கும் பாட்டு வரும். கிள்ளான், ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கோ வேறு சிக்கல். கேமரா வைத்த கைத்தொலைபேசியை உள்ளே விடாத இடங்கள் உண்டு. கேமரா இல்லாத பழைய கிளாசிக்கைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம். வேலை ஓய்ந்து தாமான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு, தொட்டால் நாலு பக்கம் ஓடும் கண்ணாடித் திரையைவிட, விரலால் சுற்றும் ஒரு சக்கரம் எவ்வளவோ மேல்.

மலிவுப் பெட்டிகளின் கதையைப் பாருங்கள். ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் பக்கத்துப் பசார் மாலாம்களில் விற்கும் கையடக்கப் பாட்டுப்பெட்டிகளைத் தெரியாதவர் யார்? பெயர் தெரியாத சீனத் தயாரிப்பு, ஒரு பக்கம் மெமரி கார்டு செருகும் துளை, மேலே மடக்கும் ஆன்டெனா. அவற்றில் பலவற்றின் பின்மூடியை நகத்தால் தள்ளினாலே உள்ளே ஒரு பிஎல்-5சி பேட்டரி தெரியும். ஒரு காலத்தில் எல்லார் கையிலும் இருந்த நோக்கியா போன்களின் அதே பேட்டரி, 3.7 வோல்ட். செத்தால் பட்டணத்துக் கைத்தொலைபேசிக் கடையில் சில வெள்ளிக்கு இன்னொன்று வாங்கிப் போட்டுவிட்டுப் பாட்டு கேட்கப் போய்விடலாம். அந்தப் பேட்டரிக்குள் ஒரு நாடகமும் நடந்தது: 2007இல் அந்த வகையில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சூடேறும் அபாயம் உள்ளவை என்று நோக்கியாக்காரர்கள் அறிவித்தார்கள். அறிவித்துவிட்டு என்ன சொன்னார்கள்? மூடியைத் திற, எண்ணைப் பார், பட்டியலில் இருந்தால் புதியது இலவசம். மூடி இருந்ததால் அவ்வளவு எளிதாக முடிந்தது.

இத்தனை மலிவுப் பெட்டியில் இருக்கும் மூடி, அதைவிடப் பல மடங்கு விலைக்கு விற்ற ஐபாடில் இல்லை. 2001 அக்டோபரில் வந்த முதல் பெட்டி தொடங்கி 2022இல் நின்ற கடைசிப் பெட்டிவரை ஒன்றில்கூட இல்லை. மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியுமா? இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒவ்வொரு மாடலிலும் மறக்க முடியாது. லித்தியம் பேட்டரி சில ஆண்டுகளில் தேயும் என்பது அதைச் செய்தவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். குலை அறுக்கும் அரிவாளின் பிடி உளுத்தால் பிடியை மாற்றுவோம். அரிவாளையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்று சொல்லும் கடைக்காரனிடம் இரண்டாம் முறை போவோமா? இவர்களிடம் மட்டும் வரிசையில் நின்று போனோம்.

திறப்பவர்கள் படும் பாட்டைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2005இல் வந்த ஐந்தாம் தலைமுறைப் பெட்டிதான் இருப்பதில் இரக்கமுள்ளது. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓர இடுக்கில் விட்டு, உள்ளிருக்கும் கொக்கிகளை ஒவ்வொன்றாக நெம்ப வேண்டும். 'டக்' என்று திறந்ததும் மகிழ்ச்சியில் இரண்டு பாதியையும் இழுத்தால் போச்சு. பேட்டரியும் காதுச்செருகித் துளையும் பின்பாதியில் ஒட்டியிருக்க, அவற்றிலிருந்து நாடா போன்ற மெல்லிய இணைப்புகள் முன்பாதிக்குப் போகும். பேட்டரி நாடாவைப் பிடித்திருக்கும் கொக்கி நகத்தளவுகூட இராது. ஓரிரு மில்லிமீட்டர் தூக்கினால் விடும், அதற்கு மேல் இழுத்தால் பலகையிலிருந்தே பெயர்ந்து வரும்.

2007க்குப் பிறகு வந்த கிளாசிக்கில் முன்பக்கமும் உலோகம். நெம்பினால் கொக்கி விடுவதற்கு முன் தகடு வளைந்துவிடும், வளைந்த தகடு பிறகு ஒருபோதும் நேராக உட்காராது. நேனோவில் பேட்டரியை ஈயம் வைத்துப் பலகையோடு பற்றவைத்தார்கள். டச்சில் பசை போட்டு ஒட்டியும் வைத்தார்கள், ஈயம் வைத்துப் பற்றவும் வைத்தார்கள். சட்டைப்பையில் வைக்கும் பாட்டுப்பெட்டிக்கு இந்தக் கோட்டைப் பாதுகாப்பு யாரிடமிருந்து? காசு கொடுத்து வாங்கியவனிடமிருந்து!

இத்தனையையும் மீறித்தான் உலகமெங்கும் சாதாரண மனிதர்கள் இந்தப் பெட்டிகளுக்கு மறுபிறவி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே சுழலும் 1.8 அங்குல வன்தட்டைக் கழற்றிவிட்டு, எஸ்டி அட்டை செருகும் சிறு பலகையை மாட்டுகிறார்கள். சுழலும் பாகம் போய்விட்டதால் தோட்டத்துச் சரளைக்கல் சாலையில் மோட்டார் குதித்தாலும் பாட்டு நிற்காது, மின்சாரமும் குறைவாகச் செலவாகும். தடித்த வன்தட்டு இருந்த இடம் காலியாவதால் இன்னும் பெரிய பேட்டரியை வைக்கலாம். அதற்கு மேல் ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள். 2001இல் வேறொரு நிறுவனத்தின் பெட்டிக்காகத் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கி, பிறகு ஐபாடுக்கும் கொண்டுவந்தது. அதைப் போட்டுவிட்டால் ஐடியூன்ஸ் என்ற வாயில்காப்போன் தேவையில்லை. பென்டிரைவில் போடுவதுபோல் பாட்டை இழுத்துப் போடலாம். கண் மங்கிய பெரியவருக்குத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கியும் கொடுக்கலாம். கோடிகோடியாகச் சம்பாதித்தவர்கள் செய்யாததைச் சம்பளம் வாங்காதவர்கள் செய்தார்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புதிய கலையும் இல்லை. டிரான்சிஸ்டர் வானொலியைக் கழற்றி மாட்டியவர்களும், கேசட் நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றியவர்களும் லயத்துக்கு ஒருவராவது இருந்தார்கள். அவர்களுடைய பேரன்களின் கையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தால் தெரியாமல் போய்விடுமா? அவர்கள் முன்னால் நிற்பது பசை. பசைக்குப் பின்னால் நிற்பது பாகம் தராத ஒரு முடிவு.

இது ஆபத்து என்று ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். லித்தியம் பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும், உண்மைதான். உப்பிய பேட்டரியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். ஆனால் கத்தி முனையைப் பேட்டரிக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்படி வைத்தது யார்? பசை போடாமல் மூடி வைத்திருந்தால் கத்தியே தேவைப்பட்டிருக்காது. அசல் பாகத்தை நிறுத்திவிட்டு, எந்த ஆலையில் செய்தது என்று தெரியாத பேட்டரியை இணையத்தில் வாங்கும் நிலைக்குத் தள்ளியதும் அவர்கள்தான். ஆபத்தை உண்டாக்கிவிட்டு அதையே காரணம் காட்டுகிறார்கள்.

இந்தக் கூட்டத்தின் பழைய வரலாறும் இலட்சணமானது அல்ல. 2003இல் நியூயார்க்கில் நைஸ்டாட் என்ற இரண்டு சகோதரர்கள் தங்கள் ஐபாடின் செத்த பேட்டரியோடு இவர்களிடம் விசாரித்தபோது, மாற்றுவதைவிடப் புதிதே வாங்கிக்கொள்ளலாம் என்ற பதில்தான் வந்தது. அவர்கள் தெருத்தெருவாக ஐபாட் விளம்பரத் தட்டிகளின் மேல், மாற்ற முடியாத இந்தப் பேட்டரி பதினெட்டு மாதம்தான் என்று அச்சடித்துக்கொண்டே போய் அதைப் படமும் பிடித்தார்கள். ஏறக்குறைய அதே நாட்களில்தான் 99 டாலருக்குப் பேட்டரி மாற்றித் தரும் திட்டம் வெளியே வந்தது. வழக்கும் நடந்தது, 2005இல் அமெரிக்காவில் பழைய பெட்டிக்காரர்களுக்கு 50 டாலர் கடைச் சீட்டு கொடுத்து முடித்தார்கள். அதாவது அதே கடையில் இன்னொரு பொருள் வாங்க!

திருந்தினார்களா? 2016இல் போனிலிருந்து காதுச்செருகித் துளையைப் பிடுங்கினார்கள், மேடையில் நின்று அதற்குத் துணிச்சல் என்று பெயரும் வைத்தார்கள். ஒரு துளையை அடைப்பதற்கு என்ன துணிச்சல் வேண்டும் என்று இன்றுவரை நமக்குப் புரியவில்லை. 2017 டிசம்பரில், பேட்டரி தேய்ந்த போன்களைச் சொல்லாமல் கொள்ளாமல் மெதுவாக ஓடவிட்டதை ஒப்புக்கொண்டார்கள். அதற்கு 2020இல் பிரான்சில் இரண்டரைக் கோடி யூரோ அபராதம். அமெரிக்காவில் 50 கோடி டாலர்வரை கொடுக்கச் சம்மதம். ஐபாடிலும் போனிலும் பேட்டரியில் சிக்கல், இரண்டு முறையும் வாங்கியவனிடம் மறைப்பு, மாட்டிக்கொண்ட பிறகே காசு.

மலேசியாவை இவர்கள் நடத்திய விதம் தனிக் கதை. பாட்டு விற்கும் இணையக் கடையை அமெரிக்காவில் 2003இல் திறந்தார்கள், நமக்குத் திறந்தது 2012 ஜூனில். ஒன்பது ஆண்டுகளாகப் பெட்டியை மட்டும் நம்மிடம் விற்றார்கள், அதில் போடப் பாட்டு விற்கவில்லை! கோலாலம்பூர் டிஆர்எக்ஸில் சொந்தக் கடையைத் திறந்தது 2024 ஜூன் 22ஆம் தேதி. ஐபாடுக்கு முழுக்குப் போட்டு இரண்டு ஆண்டு கழித்துக் கண்ணாடி மாளிகை வருகிறது. கோலசிலாங்கூரிலிருந்து ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர், லாத்தார் நெடுஞ்சாலையில் டோல் கட்டிக்கொண்டு அங்கே ஒரு கிளாசிக்கைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன கிடைக்கும்? அவர்கள் விதிப்படியே பழுதுபார்ப்பு இல்லை, பாகம் இல்லை. குளிர்சாதனக் காற்று உண்டு.

இதில் எரிச்சலூட்டும் தேதி ஒன்று இருக்கிறது. நீங்களே பழுது பார்த்துக்கொள்ளுங்கள், பாகமும் கருவியும் கையேடும் தருகிறோம் என்ற திட்டத்தை அமெரிக்காவில் இவர்கள் தொடங்கியது 2022 ஏப்ரல் 27. பதின்மூன்று நாள் கழித்து மே 10இல் ஐபாட் முடிந்தது. தொடங்கியபோது அந்தத் திட்டம் புதிய போன்களுக்கு மட்டும், அமெரிக்காவுக்கு மட்டும் இருந்தது. பாகமும் கையேடும் கொடுத்தால் குடிமுழுகிப் போகாது என்று அவர்களே ஒப்புக்கொண்ட பிறகும், நாலு பழைய பாட்டுப்பெட்டிக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை என்றால் இது கஞ்சத்தனம்கூட இல்லை, அலட்சியம்.

நம் நாட்டில் சட்டமே இல்லையா? இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆவது பிரிவு, விற்ற பொருளுக்குப் பழுதுபார்ப்பும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கும்படி உற்பத்தியாளரும் விற்பவரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நியாயமான காலம் என்றால் எத்தனை ஆண்டு? அதைச் சொல்லவில்லை. விற்கும்போதே கிடைக்காது என்று முன்கூட்டித் தெரிவித்துவிட்டால் தப்பித்துக்கொள்ளவும் அதிலேயே வழி இருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி வழக்குப் போடலாம். ஆனால் பத்து ஆண்டுக்கு முன் வாங்கிய பெட்டிக்கு ரசீதை எங்கே தேடுவது?

ஐரோப்பாவில் 2023இல் சட்டம் போட்டார்கள். 2027 பிப்ரவரி 18 முதல் பெரும்பாலான கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே எளிதாகக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும், அந்த மாடலின் கடைசிக் கருவி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு மாற்றுப் பேட்டரி கிடைக்க வேண்டும். பசை போட்ட அதே கைகள் அங்கே கொக்கி வைக்கப் போகின்றன. அங்கே சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதை இங்கேயும் செய்வார்களா, அல்லது ஏழாண்டுக் கணக்கை நீட்டுவார்களா என்பது பயனீட்டாளர் விவகாரத்தைக் கவனிக்கும் நம் அமைச்சு வாயைத் திறப்பதைப் பொறுத்தது. சட்டத்தைத் திருத்துவார்களோ, கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்களோ, வேறு வழி கண்டுபிடிப்பார்களோ, அது அவர்கள் பாடு. புத்ராஜெயாவில் அதற்கென்று நாற்காலி போட்டு ஆட்களை உட்கார வைத்திருக்கிறோம். அவர்கள் முதலில் அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதமாவது எழுதட்டும்.