சித்திரத்துக்கும் ஓர் ஆண்டுத் திட்டம்

ஜூனில் பள்ளி திறந்ததும் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆண்டுத் திட்டம் வகுக்கிறோம். தாம்பரம் வட்டார உயர்நிலைப் பள்ளிகளில் சித்திரத்துக்கும் அது வேண்டும். பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது சித்திர வகுப்பே.

இதனால் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குப் பெரும் நஷ்டம். ஜக்கார்டு தறியில் நெய்யும் கரையும் முந்தானையும் கட்டத்தாளில் வரையப்பட்டு, அட்டையில் துளையிடப்பட்ட பின்னரே தறிக்கு வருகின்றன. வரையக் கல்லாதவன் என்றும் பிறர் வரைந்ததையே நெய்ய நேரும்.

காலாண்டு வரை கோடும் கோலமும் பயிலட்டும். அரையாண்டுக்குள் நெற்கதிரையும் வாழையிலையையும் நேரில் கண்டு வரையட்டும். அவற்றைக் கொண்டுவர விவசாயி வீட்டுப் பிள்ளைகள் உண்டு. பின்னர் வண்ணச் சேர்க்கையும் கட்டத்தாள் வேலையும். முடிவில் ஒரு கண்காட்சி.

இடையில் ஒருநாள் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்கு அழைத்துச் செல்லலாம். 1966-இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் ஒன்றுகூடி அமைத்த கிராமம் அது. பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்று, அவர்கள் தம் கலையைக் காத்துக்கொண்டனர். கூடி உழைப்பதன் பயனை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை.

அங்கத்தினர்களே, பெற்றோர் கூட்டத்தில் இத்திட்டத்தைக் கேளுங்கள். கட்டத்தாளும் வண்ணமும் வாங்கித் தர நம் சங்கம் முன்வருதல் கடமையாகும்.