சரம் பின்னுகிறவர்களிடமும் கேளுங்கள்

2019-இல் சன் டிவியில் விஜய் சேதுபதி நடத்திய 'நம்ம ஊரு ஹீரோ' சீக்கிரமே நின்றுபோனது எனக்கு இன்னும் ஆறவில்லை. நட்சத்திரம் கேள்வி கேட்க, ஊருக்கு உழைத்த சாதாரண மனிதர்கள் பதில் சொன்னார்கள். அப்படி ஓர் ஏற்பாடு நம் டிவியில் அபூர்வம்.

சிவகாசி அச்சகத்தில் காலண்டருக்குத் தகரப்பட்டை அடிக்கிறேன். அக்கா சரவெடி பின்னுகிறாள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியத்துக்குத் தடை விதித்தது. ஆலைகள் மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தன. தீபாவளிக்குச் சேனல் சேனலாக நடிகர் பேட்டிதான். எங்கள் ஊருக்கு வெடிவிபத்து நடந்தால்தான் கேமரா வருகிறது.

அந்த நிகழ்ச்சியை மறுபடி தொடங்குங்கள். முதல் வாரம் சரம் பின்னும் பெண்கள் உட்காரட்டும். கூலி என்ன, வருசத்தில் எத்தனை நாள் வேலை என்று விஜய் சேதுபதியே கேட்கட்டும்.