நூலின் மேனியும் நூலே

நூல் என்றவுடன் அதன் பொருளை மட்டுமே எண்ணுவது தமிழ்த்துறையினராகிய நமக்கு வழக்கமாகிவிட்டது. பாடலும் உரையும் வகுப்பறைக்குள் வருகின்றன. அவற்றைத் தாங்கி நின்ற ஓலையும் தாளும், அச்செழுத்தும் ஓவியமும், அட்டையும் கட்டும் வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. நூலின் மேனியும் தமிழாய்வுக்கு உரியதே என்பது என் துணிபு.

இஃது அழகுணர்ச்சி பற்றியது மட்டுமன்று. புள்ளியிட்டால் ஏடு கிழியும் என்பதால் ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடவில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் சுவடிகளில் ஒன்றுபோலவே தோன்றின. பதிப்பாசிரியர்களைத் திகைக்கவைத்த பாட வேறுபாடுகள் பலவற்றுக்கு இதுவும் ஒரு காரணம். எழுதுபொருளின் இயல்பை அறியாதவர், எழுதப்பட்டதையும் முழுமையாக அறிதல் அரிது.

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கமே உடைய சிறுநூல். அதன் படி இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ வாழும் மாணவருக்கு அது எட்டாத்தொலைவு. இத்தகைய தொலைவுகளையே இணையம் இன்று குறைத்து வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து ஆவணங்களுக்காக 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டமும் பழைய பக்கங்களை நம் கண்முன் விரிக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் தொகுப்பைக்கொண்டு 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகம் முதலில் நம் அம்பத்தூரை அடுத்த முகப்பேரில் இயங்கியது. இப்போது தரமணியில் உள்ளது. நூல்களோடு நாடக விளம்பரத் தாள்களையும் அது பேணுகின்றது.

எனினும் ஒன்றைக் கருதவேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து உலகுக்கு வழங்கியது. அது பெருந்தொண்டு. ஆயினும் அதில் நமக்குக் கிட்டுவது பாடமே. பக்கத்தின் தோற்றம் அன்று. தோற்றத்தைக் காணப் பக்கத்தின் படம் வேண்டும். அப்படமும் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டால் வண்ணம் மறைகிறது. அட்டையையும் விளம்பரப் பக்கத்தையும் நீக்கி எடுக்கப்பட்டால் காலமே மறைகிறது. 1950 முதல் ‘கல்கி’யில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் தீட்டிய ஓவியங்களே, அன்றைய வாசகர் மனத்தில் வந்தியத்தேவனுக்கு முகம் தந்தன. இதழ்ப் பக்கங்களைச் சேர்த்துக் கட்டிவைத்த எளிய வாசகர்களே அந்த அனுபவத்தைக் காத்தவர்கள்.

நம் இல்லங்களிலும் இத்தகைய செல்வம் உண்டு. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் நூல்கள் பல கல்லச்சில் வெளிவந்தன. எழுதுவோரின் கைவனப்பை அப்படியே தாளில் பதிக்கும் முறை அது. பாட்டனார் மறைந்து வீடு மாறும்போது, படிக்கத் தெரியவில்லை என்பதற்காக அவற்றைப் பழைய தாளோடு கழித்துவிடுதல் பேரிழப்பாகும்.

ஆதலின் மாணவமணிகள் தத்தம் இல்லத்துப் பழைய நூல் ஒன்றையேனும், அட்டை முதல் அட்டை வரை வண்ணத்தில் படமெடுத்து வைப்பார்களாக. அச்சகத்தின் பெயர், ஆண்டு, ஓவியர் பெயர் ஆகியவற்றைக் குறித்துத் துறையில் சேர்ப்பார்களாக. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. கைப்பேசியும் கருத்தும் போதும். பிறர் ஏற்றியதைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், நாமும் ஏற்றத்தக்கதை இழக்காமல் காப்பதே கடன்.