லேபலைத் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள்

சென்ற மாதம் இளைஞர் ஒருவர் ரைஸ் குக்கர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். "நாநா, பாவித்த ஜப்பான் சாமான் என்று வாங்கினேன். பிளக்கைப் போட்டதும் புகை வந்திட்டு" என்றார். நான் விற்றதல்ல. இருந்தாலும் திருப்பிப் பார்த்தேன். அடியில் வெள்ளி நிற லேபல் இருந்தது. அதில் ஓர் எழுத்துக்கூட மிச்சமில்லை. விற்றவர் நம் நாட்டுப் பிளக்கை வேறு மாட்டிக் கொடுத்திருக்கிறார்!

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இங்கே 230. அதே கம்பிச் சுருளில் 230 வோல்ட் பாய்ந்தால் சூடு ஐந்து மடங்குக்கும் மேல். "100" என்ற அந்த மூன்று இலக்கங்கள் அழியாமல் இருந்திருந்தால் தம்பி தப்பியிருப்பார். வீடு பற்றவில்லை, அதுவே பெரிய காரியம்.

லேபலை நம்மில் பலர் அலங்காரம் என்றே நினைக்கிறோம். வீட்டு மின்சாதனங்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.ஈ.சி. 60335 அப்படி நினைக்கவில்லை. தண்ணீரில் நனைத்த துணியால் 15 விநாடி, பிறகு பெற்றோலிய ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் 15 விநாடி கையால் தேய்க்கச் சொல்கிறது. அதன் பிறகும் எழுத்தைத் தெளிவாக வாசிக்க முடிய வேண்டும்; லேபல் இலகுவில் கழறவோ சுருளவோ கூடாது. தண்ணீரும் எண்ணெயும் படாத குசினி ஏது?

சாமான் எடுக்கப் போகும்போது விலையை மட்டும் பேசாதீர்கள். ஸ்பிரிட் வேலை ஆய்வுகூடத்துக்குரியது, கடையில் வேண்டாம். ஈரத்துணிக்கு என்ன செலவு? ஒருமுறை நான் எக்ஸ்டென்ஷன் கோட் ஒன்றைத் தேய்த்தபோது அம்பியர் அளவு விரலோடு வந்துவிட்டது. மொத்த வியாபாரி முகம் சுளித்தார். அந்தச் சரக்கை நான் எடுக்கவில்லை.

"லேபலை யார் வாசிக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். வாங்குபவர் வாசிக்காமல் இருக்கலாம். நாளை அதைத் திருத்துபவர் வாசிப்பார், பழையதாக வாங்குபவர் வாசிப்பார்.

நம் பக்கமும் பிழை உண்டு. வோல்ட் அளவின் மேலேயே விலை ஸ்டிக்கரை ஒட்டுவது; உரிக்கும்போது அடியில் உள்ளதும் சேர்ந்து வரும். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். இப்போது என் கடைப் பையன்கள் விலையைப் பெட்டியில் மட்டுமே ஒட்டுகிறார்கள்.