ஜல்லிக்கு இருக்கிற வடிகால் எங்களுக்கு இல்லை

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து எங்க ஊர் வயல்களைப் படம் பிடித்துப் போடுகிற நகரத்து நண்பர்களுக்கு ஒரு கேள்வி. தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியை எதுக்குக் கொட்டியிருக்காங்க? நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். "பாதை நகராம இருக்க", "அதிர்வு தாங்க" என்றார்கள். இரண்டும் சரிதான். மூன்றாவதை ஒருத்தரும் சொல்லலை. தண்ணி நிக்காம வடியறதுக்கு.

அந்த மூன்றாவது பதிலைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ரயில் பாதை போடுகிறவர்களுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. அவ்வளவும் தெரிந்தவர்கள், கேட்டை மூடிவிட்டு எங்களுக்கென்று பாதைக்கு அடியில் போடுகிற சுரங்கவழியை மட்டும் கிணறாக வெட்டுகிறார்கள். எனக்கு இது அறியாமையாகத் தெரியலை. அலட்சியமாகத்தான் தெரிகிறது.

கதை பழசு. 1830-ல் இங்கிலாந்தில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் பாதை போட்ட ஜார்ஜ் ஸ்டீபன்சனுக்குப் பெரிய தலைவலிகளில் ஒன்று சாட் மாஸ் என்கிற சதுப்பு நிலம். கொட்டுகிற மண்ணெல்லாம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் புதர்ச் செடி, குச்சி எல்லாவற்றையும் படல் மாதிரி பின்னிப் பரப்பி, அதன் மேல் பாதையை மிதக்கவிட்டார்கள். தண்ணீர் வடிய, காலி தார் பீப்பாய்களை வரிசையாகப் புதைத்து வடிகால் ஆக்கினார்கள். சேற்றில் வைக்கோலைப் போட்டு வண்டியை இறக்குகிற நமக்கு இந்த வித்தை புதுசு இல்லை.

ரயில் ஏன் இப்படி மண்ணோடும் தண்ணியோடும் மல்லுக்கட்டணும்? இரும்பு மேல இரும்பு உருளுது. உராய்வு ரொம்பக் குறைவு. அதனால்தான் ஒரு இஞ்சின் ஐம்பது அறுபது சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிறது. அதே காரணத்தால் அதற்கு மேடு ஆகாது. லாரி சாதாரணமாக ஏறுகிற சரிவில் இஞ்சின் சக்கரம் வழுக்கும். நெடுந்தூரப் பாதைகளில் 100 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறுவதே அதிகம். 150-க்கு 1, 200-க்கு 1 கிடைத்தால் சந்தோஷப்படுவார்கள். வளைவிலும் இதே கண்டிப்புதான். வெளிப்பக்கத் தண்டவாளத்தை உள்பக்கத்தைவிட இத்தனை மில்லிமீட்டர் உயர்த்தணும் என்று கணக்குப் போட்டு வைப்பார்கள். சக்கரம்கூடத் தட்டை கிடையாது. 20-க்கு 1 என்ற கணக்கில் கூம்பு மாதிரி சரிவு கொடுத்திருப்பார்கள். தண்டவாளமும் அதே அளவுக்கு உள்பக்கம் சாய்ந்து நிற்கும். ஸ்டியரிங் இல்லாத வண்டி நடுவில் ஓடுவது அந்தச் சரிவால். எனக்கு இதிலெல்லாம் மரியாதை உண்டு. மில்லிமீட்டர் விடாமல் யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் பாதை மட்டமாகப் போகணும் என்றால் நிலம்தான் வளைந்து கொடுக்கணும். மேட்டை வெட்டு, பள்ளத்தில் கரை போடு. காவிரி டெல்டாவில் வெட்ட மேடு ஏது? கரைதான். மேற்கிலிருந்து கடலைப் பார்த்துச் சரிகிற தண்ணிக்குக் குறுக்கே, வடக்கு தெற்காக ஒரு ரயில் பாதை போனால் அது எங்களைப் பொறுத்தவரை இன்னொரு அணை. அங்கங்கே விட்டிருக்கிற மதகும் பாலமும்தான் மூச்சு. அவற்றின் அளவு தப்பினால் பயிர் அழுகும், இல்லாவிட்டால் கரை போகும்.

1956 நவம்பர் 23 விடியற்காலையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் பக்கத்தில் மருதையாற்றில் விழுந்தது நம்ம அப்பாக்கள் காலத்துச் செய்தி. வெள்ளம் பாதையைக் காலி பண்ணியிருந்தது. 140 பேருக்கு மேல் போனார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் கிட்டத்தட்ட 800 பேர் மாட்டிக்கொண்டதை டிவியில் பார்த்திருப்பீர்கள். மண்ணும் ஜல்லியும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கியது.

ஆகவே பாதையின் கரையை அவர்கள் சும்மா கொட்டுவதில்லை. கரையின் மேல்முகம் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் 30-க்கு 1 என்று சரியும். அதன் மேல் ஏறக்குறைய ஒரு அடி கனத்துக்கு ஜல்லி. ஆற்றுக் கூழாங்கல் ஆகாது, உருண்டுவிடும். உடைத்த கருங்கல், முனை முனையாக, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்படி. இடுக்கில் மண் அடைத்துவிட்டால் தண்ணீர் நிற்கும். நின்றால் ஒவ்வொரு சக்கரம் ஏறும்போதும் கட்டைக்கு அடியிலிருந்து சேறு பீச்சியடிக்கும், பாதை உட்காரும். அதனால் பத்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஜல்லியை முழுக்க வாரிச் சலித்துத் திரும்பப் போடணும் என்று விதியே இருக்கிறது. அதுக்குன்னு தனி மெஷினே ஓடுது. ஓரத்தில் பள்ளமான இடங்களில் பக்கவாட்டு வாய்க்கால் வேறு.

சரி, இப்ப பாதைக்கு அடியில வாங்க.

நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரைக்கும் 1861, 62-ல் முதலில் போட்டது அகலப் பாதை. 1870-களில் செலவைக் குறைக்க அதையே மீட்டர் கேஜாகச் சுருக்கினார்கள். 1992-க்குப் பிறகு நாடு முழுக்க ஒரே கேஜ் என்று முடிவெடுத்து, 1,000 மில்லிமீட்டரை மறுபடி 1,676 ஆக்கினார்கள். வேகம் கூடியது. கேட்டுகளை மூடினார்கள். ஆளில்லாத கேட்டில் டிராக்டரும் பள்ளிக்கூட வேனும் அடிபட்டதெல்லாம் மறக்கக்கூடிய விஷயமா? அதை மூடினது நியாயம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. 2019 ஜனவரியோடு அகலப் பாதையில் ஆளில்லாத கேட்டே இல்லை என்றார்கள். நல்லது.

மூடின பல இடத்தில் மாற்றாக வந்தது சுரங்கவழி. வேலை என்னவோ ஜோர்தான். கான்கிரீட் பெட்டிகளை முன்னாலேயே வார்த்து வைத்து, சில மணி நேரம் ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைப் பிரித்து, கரையை வெட்டி, கிரேனில் பெட்டியை இறக்கி, திரும்ப ஜல்லி கொட்டி ரயிலை விட்டுவிடுவார்கள். ரயில் தாமதமாகக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அந்தப் பெட்டியின் தரைமட்டம் பக்கத்து வயலைவிட எத்தனை அடி தாழ்வு, ஐப்பசி மழைக்கு அங்கே சேர்கிற தண்ணி எந்தப் பக்கம் போகும் என்பது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் ரகம்.

அந்த அப்புறம் வர்றதே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் ரெண்டு மண்வெட்டி வெட்டினாலே ஊற்று வரும். அங்கே பத்தடி பள்ளம் பறித்தால் அதுக்குப் பேர் ரோடா? மோட்டார் வெச்சிருக்கோமே என்பார்கள். மழை வலுத்தால் முதலில் போவது கரண்ட். இறைத்த தண்ணியை எங்கே விடுவது? பக்கத்து வயலில். வயல்காரன் சும்மா இருப்பானா? சில ஊர்களில் மேலே தகரக் கூரை போட்டார்கள். தண்ணி தலைக்கு மேலே இருந்து வருதுன்னு யாரு சொன்னா? பக்கவாட்டிலிருந்தும் அடியிலிருந்தும் வருது.

2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில், சுரங்கவழியில் நின்ற மழைநீரில் கார் மாட்டி ஒரு பெண் உயிரே போனது. தினசரிச் சாவு இல்லையே என்று கேட்கிறவர்களுக்கு, தினசரி என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அறுவடை மெஷினும் வைக்கோல் ஏற்றின டிராக்டரும் உயரத் தடுப்புக் கம்பியைத் தாண்டாது. ஊர் சுற்றி வரணும். மெஷினுக்கு மணிக்கணக்கு வாடகை. பிரசவ வலி எடுத்தால் 108 வண்டி பாதைக்கு அந்தப் பக்கமே நிற்கும். பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைக் குறுக்கே கடந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். எந்த ஆபத்து வேண்டாம்னு கேட்டை மூடினாங்களோ, அதே ஆபத்து. இப்ப மணி அடிக்கக்கூட ஆள் இல்லை.

டெல்டாவில் பாசன வாய்க்காலுக்கு ஒரு வடிகால் உண்டு. வடிகால் இல்லாத வயலை குத்தகைக்குக்கூட ஒருத்தன் எடுக்க மாட்டான். எழுதப் படிக்கத் தெரியாத எங்க பெரியப்பாவுக்கு இது தெரியும். ஜல்லிக்கு 30-க்கு 1 சரிவு கொடுக்கிற இஞ்சினியருக்குத் தெரியாதா?

பக்கத்து ஊர் கேட்டையும் மூடப்போவதாகப் பேச்சு. கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் நாங்கள் கோஷம் போடப் போவதில்லை. மூணு நம்பர் கேட்போம். சுரங்கவழியின் தரைமட்டம் எவ்வளவு? தண்ணியை விடப்போகிற வடிகாலின் அடிமட்டம் எவ்வளவு? ஐப்பசியில் அந்த வடிகாலில் ஓடுகிற தண்ணியின் மட்டம் எவ்வளவு? முதல் நம்பர் மூணாவதைவிடத் தாழ்வு என்றால் அங்கே குழி பறிக்கக் கூடாது. மேம்பாலம் கட்டுங்க. அதுக்குக் காசு இல்லையா, மூணு ஷிப்டுக்கும் ஆள் போட்டு கேட்டை அப்படியே வெச்சிருங்க. மட்டக்கருவியை எடுத்துட்டு வந்தீங்கன்னா, ஸ்டாஃப் பிடிக்க எங்க பசங்க வருவாங்க.