மாறுவேடம் மாளிகைக்குள் நுழையட்டும்!

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைக்கு ஏறும் ஏற்காட்டுச் சாலையிலே ஒரு வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்சின் நுழைவாயில் அது. ஸ்டூடியோ மறைந்தது, வளைவு எஞ்சியது. ஆனால் அந்த வாயிலிலிருந்து புறப்பட்ட துப்பறியும் வீரர்கள் இன்றும் வெள்ளித்திரையை விட்டு இறங்கினார்களில்லை!

'வல்லவன் ஒருவன்' 1966-இல் வந்தது, 'சி. ஐ. டி. சங்கர்' 1970-இல். ஜெய்சங்கர் துப்பறிந்தார், தமிழகம் கைதட்டியது. நாமுந்தான் தட்டினோம், மறைப்பானேன்! அவ்வழி வந்த படங்களை இன்றும் காண்கிறோம். போலீஸ் அதிகாரி வேடம் பூண்டு கும்பலிலே கலக்கிறார். கும்பலோ பசிக்காகத் திருடுவதில்லை, பரபரப்புக்காகத் திருடுகிறது. உயிரைப் பணயம் வைப்பதே அதற்கு உல்லாசம்! திருட்டை விளையாட்டாக ஆடக்கூடியவன் எவன்? பிடிபட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் படைத்தவன். அந்தத் தைரியத்தை அவனுக்கு அளித்தவர் யார்? படம் கேட்பதில்லை.

கேட்ட படம் ஒன்று உண்டு. அதே மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் தந்த 'மந்திரி குமாரி'. குண்டலகேசிக் கதையைத் தழுவி, கலைஞர் மு. கருணாநிதி எழுதியது. கொள்ளையைக் கலையென்று கொண்டாடிய பார்த்திபன் பஞ்சைப் பராரியா? இல்லை, ராஜகுருவின் செல்வமகன்! பகலிலே பட்டாடை, இரவிலே கொள்ளை. காத்து நின்றது தந்தையின் பீடம். அவனை மலையுச்சியிலிருந்து தள்ளியதும் படைவீரரல்லர். கொல்வதற்காக அவன் அழைத்துச் சென்ற மனைவி அமுதவல்லி!

சேர்வராயன் மலையிலே, காப்பித் தோட்டங்களினூடே, மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். ஜவ்வாது மலையிலும் சித்தேரி மலையிலும் வாழ்வோரும் அவ்வினத்தவரே. 2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டிலே, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் 20 தமிழர்கள் மாண்டனர். அவர்களுள் பலர் அந்த இரு மலைகளின் மக்கள். கூலிக்குக் கோடரி எடுப்பவனுக்கு அதிலே என்ன உல்லாசம்? அவன் வெட்டும் மரம் கடல் கடந்து சீனம் வரை செல்கிறதே, அதை அனுப்பும் சீமான் எந்த மாளிகையிலே உறங்குகிறான்?

செம்மரக் கடத்தலைக் காட்ட 'புஷ்பா' என்ற படமும் 2021-இல் வந்தது. கூலிக்காரன் கடத்தல் மன்னனானான், கொட்டகை அதிர்ந்தது. சரி, மன்னன் கிடைத்தான். மாறுவேடம் பூண்டு அந்த மாளிகைக்குள் நுழைந்து, மலைவாசியின் சாவுக்குக் கணக்குக் கேட்கும் அதிகாரியை எந்தத் திரையிலே கண்டோம்?