பச்சை விளக்கும் பச்சைப் பொய்யும்: ஒரு நாகியோஸ் புலம்பல்

இந்தப் பதிவுல டெக்னிக்கல் பாதி, கடுப்பு மீதி. பொட்டி தட்டுற மக்களுக்கு மட்டும்னு இல்ல. "சிஸ்டம்ல எல்லாம் சரியாத்தான் காட்டுது சார்"னு யாராவது உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருந்தா நீங்களும் தாராளமா உள்ள வரலாம் :-)

விஷயம் இதுதான். அப்ளிகேஷன் சர்வர் உயிரோட இருக்கான்னு பார்க்க ஒரு ப்ளக்இன் போடுறோம். ஒரு நாள் அந்த ப்ளக்இன்னே மக்கர் பண்ணுது. சர்வர் நல்லாத்தான் ஓடுது, ஆனா ப்ளக்இன் மட்டும் கத்துது. உடனே நம்மாளு ஆணி புடுங்க உட்காருவார். திரையில பச்சை வர்ற வரைக்கும் எதையாவது மாத்திக்கிட்டே இருப்பார். பச்சை வந்ததும் டிக்கெட்டை மூடிட்டு டீ குடிக்கக் கிளம்பிடுவார்.

இதுக்குப் பேரு ரிப்பேர் இல்ல மக்களே. காவக்காரர் வாயைப் பொத்துறது. ப்ளக்இன் சரியாயிடுச்சுன்னு சொல்ல ஒரே ஒரு சாட்சிதான் இருக்கு: சர்வரை நிறுத்திப் பாருங்க, அது சிவப்பாகணும். சிவப்பாகாத வரைக்கும் உங்க பச்சைக்கு அஞ்சு பைசா மதிப்பு கிடையாது. இந்தப் பதிவுல நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் ஏன் சொல்றேங்கிறதுக்கான கதை.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஈதன் கால்ஸ்டட்ங்கிறவர் 1999ல நெட்செயின்ட்னு ஒரு கண்காணிப்பு மென்பொருளை வெளியிட்டார். 2002ல அது நாகியோஸ்னு பேரு மாறிச்சு. அதோட அழகே எளிமைதான். ப்ளக்இன்ங்கிறது தனியா ஓடுற ஒரு குட்டி நிரல். ஓடி முடிச்சதும் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். 0 வந்தா நலம், பச்சை. 1 வந்தா எச்சரிக்கை, மஞ்சள். 2 வந்தா ஆபத்து, சிவப்பு. 3 வந்தா 'தெரியல', ஆரஞ்சு. நாகியோஸுக்கு உங்க சர்வரைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. ப்ளக்இன் சொல்ற அந்த ஒத்தை எண்ணைத்தான் வேதவாக்கா எடுத்துக்கும். அந்த எண்ணு பொய் சொன்னா, அதுக்கு மேல இருக்குற டாஷ்போர்டு, எஸ்எம்எஸ், மாசக் கடைசி அறிக்கை எல்லாமே பொய்தான்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். நான் இருக்குறது சிலமலை. போடிக்குப் பக்கம். எங்க ஏரியாவுல கம்ப்யூட்டர்ங்கிறது ஏதோ பெங்களூர்க்காரன் சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. 2007ல இருந்து ஏலக்காய் ஏலமே மின்னணு ஏலம்தான். வாயால விலை கேட்ட காலம் போய், வியாபாரிங்க திரை முன்னாடி உட்கார்ந்து பட்டன் தட்டி லாட் எடுக்கிறாங்க. 2021ல ஸ்பைசஸ் போர்டு மேகக்கணினி வழியா போடியையும் இடுக்கி புத்தடியையும் சேர்த்து ஏலம் நடத்த ஆரம்பிச்சுது. மலை மேல காய் விளையுது, கீழ சர்வர்ல கணக்கு ஓடுது. ஏலம் முடிஞ்சப்புறமும் அப்படித்தான். வாங்குன காயைத் தரம் பிரிச்சு, மூட்டை போட்டு, வெளியூருக்கு அனுப்புற வரைக்கும் ஸ்டாக்கு, பில்லு, கூலி எல்லாம் ஏதோ ஒரு பொட்டிக்குள்ளதான்.

அப்படி ஒரு கம்பெனி. பேரு வேண்டாம். அவங்க ஸ்டாக்கும் கூலிக் கணக்கும் டாம்கேட் சர்வர்ல ஓடுற ஒரு ஜாவா அப்ளிகேஷன்ல இருந்துச்சு. பார்த்துக்கிறது வெளியூர்ல இருக்குற ஒரு சப்போர்ட் நிறுவனம். அதுக்கும் பேரு வேண்டாம். 2015ல ஜாவா 7ல இருந்து ஜாவா 8க்கு மாத்தினாங்க. மாத்தின அன்னைக்கே ப்ளக்இன் 'தெரியல, தெரியல'ன்னு ஆரஞ்சு கலர்ல கத்த ஆரம்பிச்சுடுச்சு.

காரணம் ரொம்ப சின்னது. 2014 மார்ச்சுல வந்த ஜாவா 8ல பெர்ம்ஜென்ங்கிற நினைவகப் பகுதியையே தூக்கிட்டு, அதுக்குப் பதிலா மெட்டாஸ்பேஸ்னு ஒண்ணு வச்சாங்க. ப்ளக்இன்னை ஓட்டுற ஸ்க்ரிப்ட் முதல்ல பெர்ம்ஜென் எவ்வளவுன்னு கேட்கும், அப்புறம் ஹீப் எவ்வளவுன்னு கேட்கும். இல்லாத பொருளைக் கேட்டா என்ன பதில் வரும்? 'அப்படி ஒண்ணு இல்ல'ன்னு எரர். முதல் கேள்வியிலயே ஸ்க்ரிப்ட் விழுந்துடுச்சு, ஹீப் பக்கம் போகவே இல்ல. ஒரு பேரை மாத்தினா முடிஞ்ச வேலை. அதுக்குப் பதிலா, எரர் வந்தா 0ன்னு சொல்லிட்டு வெளிய போயிடுன்னு ஒரு வரி சேர்த்துட்டாய்ங்க. பச்சை வந்துச்சு. டிக்கெட் மூடியாச்சு.

நாலு மாசம் பச்சை. அந்த நாலு மாசமும் ஹீப்பை எட்டிப் பார்க்க ஆளே இல்ல. ஒரு சனிக்கிழமை ஹீப் நிரம்பி, குப்பை அள்ளுறதைத் தவிர வேற வேலையே பார்க்க முடியாம சர்வர் மூச்சுத் திணறிடுச்சு. சனிக்கிழமைதான் அங்க கூலி நாள். காய் தரம் பிரிக்கிற பொம்பளையாளுக வாரக் கூலிக்கு வாசல்ல உட்கார்ந்திருக்காங்க. எடைக்கணக்கு சர்வருக்குள்ள மாட்டிக்கிச்சு. யாருக்கு எத்தனை கிலோன்னு தெரியாம எப்படிப் பணம் குடுக்கிறது? எனக்குப் போன் வந்து நான் பைக்கை எடுத்துக்கிட்டுப் போறப்ப, கணக்குப்புள்ள அண்ணே கேட்டாரு: "தம்பி, அங்க எல்லாம் பச்சையாத்தான் இருக்குன்னு சப்போர்ட்டுப் பையன் அடிச்சுச் சொல்றாப்ல. அப்ப இங்க நிக்கிறது என்னாது?"

நல்ல கேள்வி. அன்னைக்குக் கூலி வாங்க ராத்திரி எட்டரை ஆச்சு. கடைசி பஸ்ஸை விட்டவங்க ஷேர் ஆட்டோவுக்குக் கூலியில இருந்து எடுத்துக் குடுத்தாங்க. எக்ஸிட் கோடு 0ன்னு எழுதினவருக்கு இந்த ஆட்டோக் காசு கடைசி வரைக்கும் தெரியாது. என் கடுப்பே அங்கதான்.

சரி, நம்மாளுங்க வழக்கமாச் சொல்ற வசனங்களை வரிசையா எடுத்துக்குவோம்.

ஒண்ணு. "நான் கையால ஓட்டிப் பார்த்தேன், ஓடுதே?" யாரா ஓட்டினீங்க? ரூட்டா. நாகியோஸ் ஓட்டுறது நாகியோஸ்ங்கிற பயனரா. அந்தப் பயனருக்கு ஜாவா எங்க இருக்குன்னு தெரியாது, ஃபைலைப் படிக்க அனுமதி இருக்காது. மாப்பிள்ளைக்கு எடுத்த அளவுல தைச்ச சட்டை மச்சானுக்கு எப்படிய்யா பொருந்தும்? அந்தப் பயனராவே ஓட்டிப் பாருங்க. ஓட்டினதும் திரையில வர்ற வாக்கியத்தை நம்பாம எக்ஸிட் கோடு என்னன்னு பாருங்க. 'க்ரிட்டிக்கல்'னு எழுத்துல காட்டிட்டு 0ன்னு திருப்புற ஸ்க்ரிப்டுகளை என் ரெண்டு கண்ணால பார்த்திருக்கேன். வெளியீடு நீளமா இருக்குன்னு 'கட்' கமாண்டுக்குப் பைப் பண்ணியிருப்பாங்க. பைப்போட எக்ஸிட் கோடுங்கிறது கடைசி கமாண்டோடது. 'கட்' எப்பவும் ஜெயிக்கும், அதனால எப்பவும் பச்சை.

ரெண்டு. "போர்ட் திறந்துதான் இருக்கு, டெல்நெட் போகுதே?" ஜேஎம்எக்ஸுக்கு ஒரு வாசல் இல்ல, ரெண்டு வாசல். முதல் போர்ட்ல போய்க் கேட்டா, 'அந்த ரெண்டாவது போர்ட்டுக்குப் போ'ன்னு அனுப்பும். அந்த ரெண்டாவது போர்ட் ஒவ்வொரு தடவை சர்வரைத் தொடங்குறப்பவும் மாறும். ஃபயர்வால் அதை விடாது. இதைச் சரிபண்ண ஜாவா 7ஓட நாலாவது அப்டேட்லயே ரெண்டாவது போர்ட்டையும் நிலையா வைக்க வழி குடுத்துட்டாங்க. முதல் போர்ட்டோட எண்ணையே அதுக்கும் குடுக்கலாம். அதோட, சர்வர் தன் முகவரின்னு எதைச் சொல்லுதுன்னு பாருங்க. 127.0.0.1ன்னு சொன்னா, ப்ளக்இன் தன் வீட்டுக்குள்ளயே சர்வரைத் தேடிக்கிட்டு இருக்கும்.

மூணு. "டைம்அவுட் ஆகுது, அதான் நேரத்தை ஏத்திட்டேன்." ரொம்ப ஆபத்தான வசனம் இதுதான். செக்_என்ஆர்பிஈ சாதாரணமா 10 விநாடி காத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு ஜாவாவைத் தொடங்குற ப்ளக்இன்னா கொஞ்சம் கூட வேணும்தான், ஒத்துக்கிறேன். ஆனா நேத்து வரைக்கும் ரெண்டு விநாடியில பதில் சொன்ன சர்வர் இன்னைக்குப் பத்து விநாடியிலயும் சொல்லலைன்னா அது ப்ளக்இன் நோய் இல்லய்யா, சர்வரோட நோய். காய்ச்சல் 103 காட்டுதுன்னு தெர்மாமீட்டரை மாத்துவீங்களா? இன்னும் சிலர் 'மைனஸ் யு' போட்டு, டைம்அவுட் ஆனா சிவப்புக்குப் பதிலா 'தெரியல'ன்னு வர வச்சுடுவாங்க. 'தெரியல'ன்னு வந்தா யாருக்கும் போன் போகாதுன்னு ஏற்கனவே இன்னொரு பக்கம் செட் பண்ணியிருப்பாங்க. முடிஞ்சுது சோலி.

நாலு. "தெரியலைதானே, ஆபத்துன்னு சொல்லலையே?" எங்க பக்கம் குடோன் வாட்ச்மேன் மணிக்கொரு தரம் தண்டவாளத் துண்டுல தட்டுவார். ராத்திரி ரெண்டு மணிச் சத்தம் வரலைன்னா, 'பரவாயில்ல, திருடன்னு கத்தலையே'ன்னு முதலாளி தூங்குவாரா, டார்ச்சை எடுத்துக்கிட்டு வருவாரா?

இது ஏதோ போடியில ஒரு சின்னக் கம்பெனிப் பிரச்சினைன்னு நினைக்காதீங்க. 2003 ஆகஸ்ட் 14. அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம், ஃபர்ஸ்ட்எனர்ஜின்னு ஒரு மின்சார நிறுவனம். மத்தியானம் 2.14க்கு அவங்க கட்டுப்பாட்டு அறையில அலாரம் மென்பொருள் சத்தமில்லாம நின்னு போச்சு. சர்வர் விழுந்தா அலாரம் அடிக்கும், சரி. அலாரமே விழுந்தா? யாருக்கும் தெரியல. பக்கத்து நிறுவனத்துல இருந்து, ஒரு லைன் ட்ரிப் ஆச்சேன்னு போன்ல கேட்டப்பகூட, எங்க திரையில ஒண்ணும் இல்லையேன்னு நினைச்சாங்க. உயர் அழுத்த லைன்கள் மரத்துல உரசி ஒண்ணொண்ணா போச்சு. சாயங்காலம் நாலு மணி தாண்டி, அமெரிக்காவுலயும் கனடாவுலயுமா சுமார் 5 கோடிப் பேருக்குக் கரண்ட் இல்ல. மரத்தை வெட்டாம விட்டதும் காரணம்தான், மத்த தப்புகளும் உண்டு. ஆனா மனுஷங்க கையைக் கட்டிப் போட்டது அந்த அமைதி.

2017 ஜனவரி 31 கிட்லேப் கதை இன்னும் நமக்குக் கிட்டக்க. தரவுத்தளம் தவறுதலா அழிஞ்சு போச்சு. பேக்அப்பைத் தேடினா, காலி. தரவுத்தளம் 9.6, பேக்அப் எடுக்கிற நிரல் 9.2, அதனால பேக்அப் தோத்துக்கிட்டே இருந்திருக்கு. தோத்துப் போச்சுன்னு மின்னஞ்சலும் போயிருக்கு, ஆனா அந்தப் பக்கம் ஏத்துக்காம நிராகரிச்சிருக்கு. சுமார் ஆறு மணிநேரத் தரவு போனது போனதுதான். ஆனா ஒண்ணு, நடந்ததை ஒளிக்காம அவங்களே எழுதி வச்சாங்க. அதுக்கு ஒரு சலாம்.

எதிர்க்கட்சி என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும். "உனக்கென்னப்பா, ராத்திரி நாலு தடவை பொய் அலாரத்துக்கு எழுந்து பாரு, அப்பத் தெரியும்." உண்மை. பொய் அலாரம் மனுஷனைக் கொல்லும். பத்து தடவை பொய்யா கத்தினா பதினோராவது தடவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. அதுக்காகத்தான் நான் சொல்றேன், வாயைப் பொத்தாதீங்க, ஏன் கத்துதுன்னு கண்டுபிடிங்க. தேவையில்லாத சோதனைன்னா தூக்கியே போடுங்க, தப்பில்ல. கண்காணிக்கலைன்னு தெரிஞ்சா ஜாக்கிரதையாவாவது இருப்போம். கண்காணிக்கிற மாதிரி நடிக்கிற ப்ளக்இன்தான் கெடுக்குது. காவல் இல்லாத குடோனுக்குப் பூட்டாவது போடுவோம். காவல் இருக்குன்னு நம்புற குடோனைத் திறந்து போட்டுட்டுல்ல போறோம்?

"நாங்கல்லாம் இப்ப பிரோமிதியஸ், நாகியோஸ் எல்லாம் தாத்தா காலம்"னு சிரிக்கிற இளைஞர்களுக்கும் ஒரு கொட்டு. ஹீப் 90 சதவீதம் தாண்டினா அலர்ட்டுன்னு எழுதி வச்சிருக்கீங்க, சரி. தரவே வராம நின்னா? ஒப்பிட எண்ணே இல்ல, அதனால அலர்ட்டும் வராது. 'தரவு இல்லைன்னாலும் கத்து'ன்னு தனியா ஒரு விதி எழுதியிருக்கீங்களா? இல்லைன்னா சட்டைதான் புதுசு, சீக்கு பழசுதான்.

என் பஞ்சாயத்துத் தீர்ப்பு இது. ப்ளக்இன்ல கை வச்ச யாரும், டிக்கெட்டை மூடுறதுக்கு முன்னாடி மூணு காரியம் பண்ணணும். டெஸ்ட் சர்வரை நிறுத்திப் பாருங்க, சிவப்பு வரணும். வரம்பை வேணும்னே குறைச்சுப் பாருங்க, மஞ்சள் வரணும். ப்ளக்இன் கேட்கிற பேரைத் தப்பா குடுத்துப் பாருங்க, ஆரஞ்சு வரணும், யாருக்காவது போனும் போகணும். மூணும் சேர்ந்து கால் மணிநேர வேலை. ஜாவா பதிப்பு மாத்தினாலும், சர்வர் மாத்தினாலும், மறுபடி இதே மூணு.

கால் மணிநேரம் மிச்சம் புடிக்கிறவங்க யார் காசை மிச்சம் புடிக்கிறாங்கன்னு ஒரு தடவை யோசிச்சா போதும். ஆட்டோ வாடகை அவங்க பையில இருந்து போகலையே.

டிஸ்கி: எந்தக் கம்பெனி, எந்தப் பையன்னு பின்னூட்டத்துல கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். உங்க ஸ்க்ரிப்ட்ல 'எரர் வந்தா 0' இருக்கான்னு ஒரு தடவை தேடிப் பார்த்துட்டு வந்து கும்முங்க :-)